கரை ஒருவர் பட்டாவில், வெள்ளம் யார் வீட்டில்?

ஆத்தூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே பேச்சு சேலத்து ஆத்தூரைப் பற்றியதும் அல்ல, திண்டுக்கல் ஆத்தூரைப் பற்றியதும் அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்ததும் வருகிற வெற்றிலை ஆத்தூர் இது. அகத்தியைப் பற்றிப் படர்ந்த கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்த வட்டாரத்துக் கொடிக்கால்களும் வாழைகளும் வெள்ளத்தில் மூழ்கின.

மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17-ஆம் தேதி பிடித்த மழை அது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே 65 செ.மீ. அளவுதான். தாமிரபரணியில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் இறங்கியது. மாவட்டம் முழுக்கக் குளங்கள் உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்த தண்ணீர் தூத்துக்குடி நகரின் ஓரம் வரை வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. எண்ணூறு பேர் வரை அதில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆத்தூர் கடைமடை ஊர். பொதிகையில் பிறந்து 125 கிலோமீட்டர் ஓடிவரும் ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள்; கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து பிரியும் வடகால், தென்கால், அதற்கு மேலே மருதூர் அணைக்கட்டின் மேலக்கால், கீழக்கால் ஆகிய நான்கு கால்வாய்களையும் நம்பி 46,107 ஏக்கர், அவற்றுக்குத் தண்ணீர் தேக்கித் தர 53 குளங்கள். தென்காலில் கடம்பாகுளமும் அதன் கீழ்க் குளங்களும் நிறைந்த பிறகு மிஞ்சுவதுதான் ஆத்தூர்ப் பக்கம் வரும். அதற்கப்பால் புன்னைக்காயல், கடல். மழை பொய்த்த ஆண்டில் மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் வருமா என்று இவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழை மிஞ்சிய ஆண்டில், மேலே எது உடைந்தாலும் வந்து சேரும் இடம் இதுதான்.

பெரிய குளங்கள் ஏன் உடைந்தன என்று அப்போதே நிறையப் பேசியாகிவிட்டது. தூர் வாராதது, ஷட்டர் துருப்பிடித்தது, அமலைச் செடி அடைத்தது, ஆக்கிரமிப்பு என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வரும் அதே பட்டியல். அந்தப் பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிற ஒன்று உண்டு. பட்டா நிலத்துக்குள் தனியார் எழுப்பும் மண்கரைகள். ஒரு சிற்றோடைக்குக் குறுக்கே ஜேசிபியை ஒரு நாள் ஓட்டினால் கரை எழுந்துவிடும். மூன்று ஆள் உயரத்துக்கு மண், பக்கத்திலேயே மோட்டார், கீழே தென்னையோ வாழையோ. பொதுப்பணித்துறைக் குளம் அல்ல என்பதால் அது ஆயக்கட்டுப் பதிவேட்டில் இராது. ஊராட்சிக் குளமும் அல்ல. உடைந்தால் மட்டும் பொதுப் பிரச்சினை ஆகிவிடும்.

இது எங்கோ ஒன்றிரண்டு இருக்கிற சங்கதி என்று தள்ளிவிட முடியாது. ஜல்சக்தி அமைச்சகம் நாட்டின் நீர்நிலைகளை முதன்முறையாக எண்ணி 2023-ல் வெளியிட்ட கணக்கில் 24.24 லட்சம் நீர்நிலைகள். அவற்றில் நூற்றுக்கு 55 தனியாருடையவை. தமிழ்நாட்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல். குளம் என்றாலே அரசாங்கம் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இந்த 55 ஓர் அதிர்ச்சிதான். எண்ணியது நல்ல காரியம். ஆனால் எத்தனை என்று எண்ணுவது வேறு, கரை தாங்குமா என்று பார்ப்பது வேறு.

கரை தாங்குமா என்பதை ஒரு சின்னக் கணக்கே சொல்லிவிடும். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குட்டை என்று வைத்துக்கொள்வோம். சரிவையெல்லாம் கணக்கில் எடுக்காமல் தாராளமாகப் போட்டாலே 18 லட்சம் லிட்டர்தான் பிடிக்கும். காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. மழை ஒரே ஒரு ஏக்கரில் கொட்டிய தண்ணீர் 38 லட்சம் லிட்டர். அந்தக் குட்டைக்கு ஐந்து ஏக்கர் நிலத்திலிருந்து தண்ணீர் வடிந்து வருமானால் 190 லட்சம். பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றாலும், குட்டையைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் ஒரே இரவில் வந்து நிற்கும். அதுவும் குட்டை காலியாக இருந்தால். மார்கழியில் எந்தக் குட்டை காலியாக இருக்கும்?

அந்த ஐந்து மடங்கும் வெளியேற ஒரு வழி வேண்டும். குளத்துக்கு அது மறுகால். கல்லோ சிமென்டோ போட்டுக் கட்டினால் கலிங்கு. கரையின் உச்சியைவிடத் தாழ்வாக, கெட்டித் தரையில், நிறைந்த தண்ணீர் தானாக வழிந்து ஓடை சேருமாறு விட்ட வாய். மண்கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கதை முடிந்தது. மேல் மண்ணை முதலில் கொஞ்சம் அரிக்கும். அரித்த இடம் தாழும், தாழ்ந்த இடத்துக்கே தண்ணீர் எல்லாம் ஓடும், மேலும் அரிக்கும். மணிக்கணக்கில் நின்ற கரை நிமிஷக் கணக்கில் போய்விடும். பழைய குளத்தைக் கட்டியவர்கள் முதலில் மறுகாலுக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் கரையைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்று தோன்றும், அவ்வளவு பொருத்தமாக அது பாறையோ கெட்டிமேடோ பார்த்து அமைந்திருக்கும். ஜேசிபி கட்டிய கரைகளில் பெரும்பாலும் விட்டுப்போவதே அதுதான். மறுகாலுக்கு விடும் இடம் சாகுபடிக்கு ஆகாது. கரையைக் கொஞ்சம் தாழ்த்தினால் தேங்கும் தண்ணீரும் குறையும். உடைகிற நாள் வரை அது நஷ்டமாகவே தெரியும்.

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தரைக்குக் கீழே வெட்டிய பண்ணைக்குட்டையைக் குறை சொல்வதற்கில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மானாவாரிப் பயிருக்கு ஒரு தண்ணீர் காட்டி உயிர் கொடுப்பது அதுதான். வெட்டிய குட்டை நிறைந்தால் வழியும், உடையாது. குழந்தைகள் தவறி விழாமல் வேலி போட்டாலே அதன் முக்கால்வாசி ஆபத்து தீர்ந்தது. தரைக்கு மேலே கரை எழுப்பித் தேக்கும் தண்ணீர் அப்படியல்ல. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டு நீர்த்தேக்கச் சட்டம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டது. அணை எத்தனை அடி உயரம் என்று அது கேட்கவில்லை. சுற்றுத் தரைமட்டத்துக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டது. 25,000 கன மீட்டருக்கு மேல் என்றால், உரிமையாளர் யாராக இருந்தாலும் தகுதியுள்ள பொறியாளரை வைத்துப் பார்க்க வேண்டும். வேல்ஸ் 2016-ல் அந்த அளவை 10,000 ஆகக் குறைத்தது. 1925-ல் இதே வேல்ஸில் டோல்காரோக் என்ற ஊருக்கு மேலே ஒரு தனியார் நிறுவனத்தின் அணை உடைந்து 16 பேர் இறந்த பிறகுதான், 1930-ல், இந்தப் பரம்பரையின் முதல் சட்டம் வந்தது. அங்கும் சாவு வந்துதான் சட்டம் வந்திருக்கிறது.

நம் சட்டம் உயரத்தைப் பார்க்கிறது. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் கொள்ளளவு, நீளம் போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான் பொருந்தும். நாடு முழுக்க ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அணைகள் அதற்குள் வருகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தோட்டக்காரர் எழுப்பும் மூன்று ஆள் உயரக் கரை அதன் வாசலைக்கூட மிதிக்காது. 2007-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமோ பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது. இரண்டு சட்டத்துக்கும் நடுவே விழுந்துவிட்ட இடத்தில்தான் இந்தத் தனியார் கரைகள் நிற்கின்றன.

சட்டம் இல்லாவிட்டாலும் வழக்கு உண்டு. அதுவும் சென்னை மாகாணத்திலேயே.

இன்று ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம் இருக்கும் கார்வேட்டிநகரம் அன்று ஒரு ஜமீன். ஜமீன்தாரின் இரண்டு குளங்கள் பெருமழையில் உடைந்து, வெள்ளம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தியது. கம்பெனி வழக்குப் போட்டது. கையில் நல்ல ஆயுதமும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், 1868-ல், லங்காஷயரில் ஒரு மில்காரர் கட்டிய நீர்த்தேக்கம் கீழே இருந்த சுரங்கத்துக்குள் இறங்கிய வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லியிருந்தது. தப்பினால் கேடு விளைவிக்கும் ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர், அது தப்பினால் நஷ்டம் கொடுத்தே தீர வேண்டும். கவனமாகத்தான் இருந்தேன் என்பது பதிலாகாது. ரைலண்ட்ஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே படிக்கிற வழக்கு அது. அதை அப்படியே ஜமீன்தார் தலையில் வைக்கப் பார்த்தது கம்பெனி.

1874-ல் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. காரணம் படிக்க வேண்டியது. இந்தக் குளங்கள் ஒருவர் தன் வசதிக்காகப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாக இருப்பவை. இவை இல்லாவிட்டால் குடிகளுக்குப் பிழைப்பு இல்லை. இவற்றைக் காப்பது வழக்கத்தால் ஜமீன்தாருக்கு வந்த கடமை, நினைத்தால் மூடிவிட்டுப் போக அவருக்கு உரிமை இல்லை. ஆகவே அலட்சியமாக இருந்தார் என்று நிரூபித்தால்தான் அவர் பொறுப்பு. நிரூபிக்கவில்லை, வழக்குத் தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பு ஜமீன்தாருக்குக் கொடுத்த மூன்று சலுகைகளில் ஒன்றுகூட இன்றைய தனியார் கரைக்குப் பொருந்தாது. பழையது அல்ல, நேற்றுக் கட்டியது. ஊருக்கானது அல்ல, ஒருவர் தோட்டத்துக்கானது. காக்க வேண்டிய கடமை என்று வழக்கம் எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் விற்றுவிட்டுப் போகலாம், வாங்குபவருக்குக் கரை இருப்பதே மழைக்காலத்தில்தான் தெரியும். அப்படியானால் அது ஜமீன் குளத்தின் வாரிசு அல்ல, லங்காஷயர் மில்காரர் தேக்கத்தின் வாரிசு. இந்த வித்தியாசத்தை நீதிமன்றம் வரை போய்த்தான் நிறுவ வேண்டும் என்பதில்லை. கரை போடுகிறவரும், அதற்குக் கீழே குடியிருப்பவரும், தாலுகா அலுவலகமும் ஒத்துக்கொண்டாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

ஜமீன் காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். ஏரி என்று பேச்செடுத்தாலே கட்டுரையாளர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்துக்கு ஓடிவிடுவார்கள். அங்கிருந்து நேராகக் குடிமராமத்துக்கு. அந்தக் குடிமராமத்துக்கு 1858-ல் ஆங்கிலேயர் எழுதிய சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையப் போகிறது என்றால் ஊரின் உழைக்கும் மக்களை வற்புறுத்தி இழுத்துவர அது அதிகாரம் கொடுத்தது. கொட்டும் மழையில் மண்வெட்டியோடு கரையில் நின்றவர்களில் பெரும்பாலானோருக்குக் குளத்துக்குக் கீழே ஒரு சென்ட் நிலமும் கிடையாது. இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. கரையை இரவில் யார் நடந்து பார்ப்பது, மடையை யார் திறப்பது என்பதற்கு ஓர் ஆள் இருந்தார். மடைக்குடும்பர் என்றும் நீர்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்ட அவருக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து எட்டயபுரம் உள்ளிட்ட ஜமீன்களின் குளங்கள் அரசு வசமாயின. உரிமை கைமாறியது. அந்த ஆளின் வேலை எந்த ஆவணத்திலும் கைமாறவில்லை.

பட்டா நிலத்துக் கரைக்கு அந்த ஆள் முதலிலிருந்தே இல்லை.

மறுகாலை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒரு முழு விசாரணையே நடந்திருக்கிறது. கவாய் தீவில் கரும்புத் தோட்டங்களுக்குப் பாய்ச்ச 1890-ல் கட்டிய கா லோகோ என்ற மண் அணை, பின்னாளில் தனியார் கைக்குப் போனது. 2006 மார்ச் 14 அன்று விடிவதற்கு முன், வாரக்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு அது உடைந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த 7 பேரை அடித்துச் சென்றது. விசாரித்ததில் அணையின் மறுகால் மண் போட்டு மூடப்பட்டிருந்தது தெரிந்தது. அரசு அதிகாரிகள் அந்த அணையை ஒருமுறைகூட முறையாகச் சோதிக்கவில்லை என்பதும் தெரிந்தது. உரிமையாளருக்கு 2014-ல் ஏழு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பணக்கார நாடு, வல்லுநர்களுக்குக் குறைவில்லாத நாடு. அங்கேயே இந்த நிலை.

கென்யாவில் அதற்கும் மோசம். 2018 மே 9 இரவு, நகூரு மாவட்டத்தின் சோலாய் என்ற இடத்தில் ஒரு பெரிய பண்ணையின் பாசனத்துக்காகக் கட்டிய பட்டேல் அணை உடைந்தது. ஐம்பது பேருக்குச் சற்றே குறைவானவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அணைக்கு முறையான அனுமதியே இல்லை என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். பிறகு சொல்வதற்கு அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலை 2 அன்று திவாரே அணை உடைந்து இருபது பேர் வரை பலியானபோது, மாநில அமைச்சர் ஒருவர் நண்டுகள்தான் காரணம் என்றார். நாடே சிரித்தது. அது தனியார் அணையும் அல்ல, அரசு அணைதான்.

நண்டைச் சொன்னதில் தவறில்லை. நண்டோடு நிறுத்தியதுதான் தவறு. கரையில் நண்டு வளையும் எலி வளையும் எவ்வளவு கேடு என்பது தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போட்ட எவருக்கும் தெரியும். திவாரேயில் அணை கசிகிறது என்று ஊர் மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். கசிவைப் பார்த்து ஆபத்தை அளக்கும் அறிவு கிராமத்தில் இன்னும் சாகவில்லை. எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். கரையின் அடிவாரத்தில் ஈரம் பூத்திருப்பதில் பயமில்லை. கசியும் தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் கரை தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கலங்கல் தெரிந்தால் கரைக்கு மேலே நின்று மண் கொட்டிப் பயனில்லை. கசியும் வாயைக் களிமண்ணால் அடைத்து மூடினால் தண்ணீர் இன்னொரு பக்கம் பீறிடும். மணலையும் ஜல்லியையும் அதன் மேல் பரப்பி, தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். கூடவே மடையைத் திறந்து குளத்தின் மட்டத்தை இறக்க வேண்டும். மடையே வைக்காமல் மோட்டாரை மட்டும் நம்பிய தனியார் கரையில், மின்சாரம் போன மழை இரவில், எதைத் திறப்பது?

கரைக்கு ஊடாகப் பிவிசி குழாய் புதைப்பது இன்னொரு வினை. குழாயின் வழவழப்பான வெளிப்பக்கத்தை ஒட்டி மண் பிடிக்காது. அந்த இடுக்கு வழியே தண்ணீர் தடம் போட்டுக்கொள்ளும். கரை மேல் உடை மரத்தை வளரவிட்டு, பிறகு அதை வெட்டி விற்றுவிட்டால், செத்த வேர் மக்கி உள்ளே ஓட்டையாகும். மண்ணின் சுபாவமும் இந்த மாவட்டத்தில் பத்து மைலுக்கு ஒரு விதம். வடக்கே கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடித்த கரையில் முதல் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி மணல் தண்ணீரையே நிறுத்தாது. ஆத்தூர்ப் பக்கம் ஆற்று வண்டல். ஒரே படத்தை வைத்துக்கொண்டு மூன்று மண்ணிலும் கரை போட முடியாது. அரை அடி அரை அடியாக மண்ணைக் கொட்டி, ஈரம் பார்த்து, உருளை விட்டு மிதித்துப் போட்ட கரைக்கும், ஜேசிபி வாளியால் அள்ளிக் குவித்துவிட்டு வாளியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டிய கரைக்கும் வெளிப்பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. முதல் பெருமழை கண்டுபிடித்துவிடும்.

வெள்ளத்தோடு விஷயம் முடிவதில்லை. மேலே ஒருவர் ஓடையை மறித்தால் கீழே ஒரு குளத்துக்கு வரத்து குறையும். தென்காசி மாவட்டத்தில் தனியார் விடுதிகள் ஓடைத் தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விவகாரம் 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், நடவடிக்கைக்கு உத்தரவானது. அருவியில் குளிக்கப் பணம் வாங்கியது கண்ணை உறுத்தியதால் அது செய்தியானது. தோட்டத்துக்குத் தேக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். மகாராஷ்டிராவில் மானியத்தில் எழும்பிய பிளாஸ்டிக் விரித்த குட்டைகள் பலவற்றில் மழைநீருக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றி வைக்கிறார்கள். நிலத்துக்கடியில் இருந்த ஊர்ப் பொதுத் தண்ணீர் அப்படியே ஒருவர் குட்டைக்கு ஏறி, அங்கே பாதி ஆவியாகிறது. கடல் உவர் ஏறிவரும் புன்னைக்காயல், ஆத்தூர் வட்டாரத்தில் அந்தப் பழக்கம் தொற்றினால் கொடிக்கால் கிணறுகளின் கதி என்னவாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் எதிர்க்கேள்வி உண்டு, நியாயமான எதிர்க்கேள்வி. அரசாங்கம் தன் குளத்தையே பார்க்காதபோது விவசாயியின் கரையைச் சோதிக்க வருவதா? 2023-ல் உடைந்து ஊரை அடித்தவை பெரும்பாலும் அரசுக் குளங்கள்தானே? உண்மை. அனுமதி, ஆய்வு என்று ஆரம்பித்தால் கரை பலமாகாது, கைமாறும் பணம்தான் பலமாகும் என்ற பயமும் பொய்யல்ல. கிணற்று மின் இணைப்புக்கு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். மழைநீரைத் தேக்குங்கள் என்று ஒரு பக்கம் ஊக்கப்படுத்திவிட்டு, தேக்கினவரை மறுபக்கம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். மானாவாரி விவசாயிக்குத் தண்ணீர் தேக்கும் உரிமை வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆகவே அணைச் சட்டத்தை இழுத்து நீட்டிக் குட்டை வரைக்கும் கொண்டுவர வேண்டாம். உரிமமும் வேண்டாம். தரைமட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு மிஞ்சித் தண்ணீர் நிற்கும் கரைகளுக்கு மட்டும், மறுகால் இல்லாமல் கரை கூடாது என்ற ஒரே விதி போதும். மறுகாலின் அகலத்தை நேற்றைய சராசரி மழையை வைத்து நிர்ணயிக்கக் கூடாது. காயல்பட்டினத்தின் 95 செ.மீ. இனி இந்தக் கடற்கரைக்குப் புதியதல்ல. மறுகாலில் வழியும் தண்ணீர் யார் வயல் வழியாக எந்த ஓடைக்குப் போகிறது என்பது கரை போடும்போதே பக்கத்து நிலத்துக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வரும் சண்டையில் பாதி இந்த ஒன்றில்தான் தொடங்குகிறது. நிலம் கைமாறும்போது கரை இருக்கிற விவரம் பத்திரத்தில் ஒரு வரியாக வர வேண்டும்.

இதற்குப் புதிய துறை தேவையில்லை. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் குட்டை வெட்டித் தரும்போது பணி முடிந்ததற்குப் படம் எடுத்துப் பதிவு செய்வது இப்போதே நடக்கிறது. கரை எழுப்பிய குட்டையானால் மறுகாலும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கடைசித் தவணை இல்லை என்று ஒரு சுற்றறிக்கை போட எந்தச் சட்டமன்றமும் கூட வேண்டியதில்லை. மறுகாலுக்கு ஆகும் கல், சிமென்ட் செலவையும் மானியத்தில் சேர்த்துவிட்டால் விவசாயிக்கு மறுக்கக் காரணம் இராது.

மானியம் வாங்காமல் சொந்தப் பணத்தில் எழுந்த கரைகளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரியும். கரையின் உயரமோ, மறுகால் இருக்கிறதா என்பதோ, கீழே எத்தனை வீடு என்பதோ அவ்வளவு எளிதில் தெரியாது. கிராம உதவியாளருக்குத் தெரியும். எந்தத் தோட்டத்தில் எப்போது ஜேசிபி ஓடியது, எந்தக் கரை போன ஐப்பசியில் கசிந்தது, அதற்கு நேர் கீழே எந்தத் தெரு என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும் சங்கதி. புரட்டாசி கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அவரோடு ஒரு பொறியாளரை அனுப்பி, ஒரு வாரம் நடக்கவிட்டால் ஊருக்கு ஒரு பக்கப் பட்டியல் கிடைக்கும். தாமிரபரணியின் கடைமடையான ஆத்தூர், முக்காணி, ஏரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே போவதுதான் முறை. வெள்ளம் வந்தால் முதல் போன் இந்த ஊர்களிலிருந்துதான் போகிறது. எந்தெந்தக் கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்ற தாள் அன்று தாசில்தார் மேசையில் இருக்க வேண்டும்.